ஏறாமையும் குற்றமோ? ஹாங்காங் டிராம் புறக்கணிப்பும் ஆட்சியாளர் அளித்த விடையும்

1912ஆம் ஆண்டின் இறுதி வாரங்களில் ஹாங்காங் நகர வீதிகளில் ஒரு புதுமையான காட்சி காணப்பட்டது. தெரு நிறைய மக்கள் நடந்து சென்றனர். தெருவின் நடுவே டிராம் வண்டி வெறுமையாய் ஓடிற்று. வண்டியில் பழுதில்லை. மின்சாரம் நிற்கவில்லை. ஓட்டுநரும் வேலைநிறுத்தம் செய்யவில்லை. ஏறுவார் இல்லை, அவ்வளவே.

கல்லெறிந்தவனைப் பிடித்துச் சிறையில் இடலாம். கடையை உடைத்தவனுக்குத் தண்டம் விதிக்கலாம். செயலைத் தண்டிக்க எந்த அரசுக்கும் வழி தெரியும். ஆனால் ஒன்றும் செய்யாமல், வண்டியில் ஏறாமல் நடந்து போகின்றவனை எந்தச் சட்டத்தின்கீழ்ப் பிடிப்பது? குடியேற்ற நாட்டு அரசாங்கம் ஒன்று இக்கேள்விக்குக் கண்ட விடையும், அவ்விடையின் பின்விளைவும் வரலாறு பயில்வோர் ஆராயத்தக்கன.

நகரும் வண்டியும்

ஹாங்காங் தீவின் வடகரையில் மலைக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடப்பது அந்நகரம். 1911ஆம் ஆண்டில் அக்குடியேற்ற நாட்டின் மக்கள் தொகை ஏறத்தாழ 4½ இலட்சம். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சீனர். மேற்கே கென்னடி டவுன் முதல் கிழக்கே ஷௌகீவான் வரை கரையோரமாக ஓடும் மின்சார டிராம், 1904ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அதனை நடத்தியது இலண்டனில் பதிவான ஒரு கம்பெனி. முதல் வகுப்புக்கு 10 காசு, மூன்றாம் வகுப்புக்கு 5 காசு என்பது தொடக்கக் கட்டணம். 1912இல் மாடி வண்டிகளும் வந்துவிட்டன.

டிராம் தொடங்கிய அதே 1904ஆம் ஆண்டில்தான், நகருக்கு மேலே உள்ள 'பீக்' என்னும் குளிர்ந்த மலையுச்சியில் சீனர் குடியிருத்தல் ஆகாது என்று ஒரு சட்டமும் பிறந்தது. மலைமேல் ஆள்வோர், மலையடியில் ஆளப்படுவோர் என்று நகரமே இரண்டு தட்டாக அமைந்திருந்தது. துறைமுகக் கூலிகளும், கடைச் சிப்பந்திகளும், கைத்தொழிலாளரும் அன்றாடம் ஏறி இறங்கிய வண்டி மலையடியில் ஓடிய டிராமே. அவர்கள் கொடுத்த 5 காசுகளே கம்பெனியின் உயிர்நாடி.

காசின் கதை

பூசல் தொடங்கியது அந்த 5 காசிலிருந்துதான். நீரிணைக் குடியேற்றங்களில் 1903ஆம் ஆண்டில் தனி வெள்ளி நாணயம் அடிக்கப்பெற்று, 1906இல் ஒரு வெள்ளிக்கு இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ் என மதிப்பும் நிலைநிறுத்தப்பட்டது. அதனால் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் காசுக் குழப்பம் ஒருவாறு தீர்ந்தது. ஹாங்காங்கில் அது தீரவில்லை. அங்கே பணத்தின் மதிப்பு வெள்ளி உலோகத்தின் விலையோடு ஏறி இறங்கியது. சில்லறையின் நிலை அதனினும் மோசம். ஹாங்காங் அரசு அடித்த சில்லறையோடு, அண்டையிலுள்ள குவாங்டுங் மாநிலத்தின் கான்டன் நாணயச்சாலை அடித்த சில்லறையும் ஒன்றாகக் கலந்து புழங்கிற்று. மீன் விற்பவளும் வாங்குபவனும் இரண்டையும் வேறு பிரித்துப் பார்த்ததில்லை.

கான்டன் நாணயச்சாலையோ வருவாய் கருதி அளவுக்கு மீறிக் காசு அடித்துத் தள்ளிற்று. அளவு மிகுந்தால் மதிப்புக் குறையும் என்பது பொருளியலின் பாலபாடம். கான்டன் சில்லறை முகமதிப்புக்குக் கீழே இறங்கிற்று. அதனோடு கலந்து கிடந்த ஹாங்காங் சில்லறையையும் இழுத்துக்கொண்டு இறங்கிற்று. டிராம் கம்பெனி பயணிகளிடம் முழு மதிப்புக்கு வாங்கிய காசை, வட்டம் கொடுத்தே பெரும் பணமாக மாற்ற வேண்டியிருந்தது. கணக்குப் பார்த்தால் கம்பெனியின் குறையில் நியாயம் இருந்தது. தன் நாட்டில் தன் காசே செல்ல வேண்டும் என்று அரசு விரும்பியதிலும் தவறு காண முடியாது.

ஆயினும், ஒரே காசு இரு கையில் இருவகைப் பொருள் தரும். கம்பெனிக்கு அது கணக்கேட்டில் ஒரு நட்டவரி. கூலியாளுக்கோ அது அன்றைய உழைப்பின் ஒரு துண்டு. நேற்று வரை வண்டிக்காரன் வாங்கிய காசை இன்று வாங்கான் என்றால், நாணய மாற்றுக்காரனிடம் போய் வட்டம் இழந்து வேறு காசு பெற வேண்டியவன் அக்கூலியாளே. சீர்திருத்தம் நல்லதே; அதன் செலவை யார் தலையில் ஏற்றுவது என்பதே வினா.

குடியரசின் மானம்

வேறு காலமாயிருப்பின் இது முணுமுணுப்போடு முடிந்திருக்கலாம். ஆனால் காலம் மாறியிருந்தது. 1911ஆம் ஆண்டு அக்டோபரில் வூச்சாங் நகரில் மூண்ட புரட்சி, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் சீனத்தை ஆண்ட மஞ்சு வமிசத்தைச் சாய்த்தது. நவம்பரில் குவாங்டுங் மாநிலம் புரட்சியின் பக்கம் சேர்ந்தது. 1912ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் சன் யாட் சென் குடியரசின் தற்காலிகத் தலைவரானார். அவர் ஹாங்காங்கில் மருத்துவம் பயின்றவர். அந்நகர மக்கள் தம்மவர் என்று பெருமை பேசிய தலைவர்.

இந்த எழுச்சியின் நடுவே, 'சீனக் காசு செல்லாது' என்ற அறிவிப்பு வந்தது. மக்கள் காதில் அது 'சீனக் குடியரசு செல்லாது' என்றே ஒலித்தது. இதில் ஒரு வியப்பும் உண்டு. புழக்கத்தில் இருந்த கான்டன் காசுகளில் மிகப் பல, வீழ்ந்துபட்ட மஞ்சு ஆட்சியின் நாக முத்திரையைத் தாங்கியவை. குடியரசின் பெயரால் மக்கள் காக்க முனைந்தது முடியரசின் காசையே! ஆனால் மானம் முத்திரையைப் பார்த்து எழுவதன்று. மறுப்பவனின் முகத்தைப் பார்த்து எழுவது.

புறக்கணிப்பு என்னும் படைக்கலமும் அவர்களுக்குப் புதிதன்று. சீனர் குடியேறுவதைத் தடுத்த அமெரிக்கச் சட்டங்களை எதிர்த்து 1905இல் அமெரிக்கச் சரக்கைச் சீன வணிகர் புறக்கணித்தனர். சிங்கப்பூர்ச் சீனரும் அதிற் பங்கு கொண்டனர். 1908இல் 'தத்சு மாரு' என்னும் கப்பல் பற்றிய பூசலில் சப்பானியச் சரக்கு புறக்கணிக்கப்பட்டது. அன்று அயல்நாட்டுச் சரக்கின்மேல் ஏவிய படைக்கலத்தை, 1912இல் ஆங்கிலக் கொடியின் கீழ் ஓடிய வண்டியின்மேலேயே மக்கள் திருப்பினர்.

கவர்னர் மே

அப்போது கவர்னராக இருந்தவர் சர் பிரான்சிஸ் ஹென்றி மே. அவர் ஹாங்காங்குக்குப் புதியவர் அல்லர். 1881இல் இளம் அதிகாரியாய் அங்கு வந்தவர்; சீன மொழி அறிந்தவர்; பல்லாண்டு போலீஸ் தலைவராயும், பின்னர்க் குடியேற்றச் செயலாளராயும் இருந்தவர். இடையில் சிறிது காலம் பிஜித் தீவின் கவர்னராக இருந்துவிட்டு, 1912ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் ஹாங்காங் கவர்னராகக் கரையிறங்கினார். பல்லக்கில் அமர்ந்து புறப்பட்ட அந்நேரமே கூட்டத்திலிருந்து ஒருவன் அவரை நோக்கிச் சுட்டான். குண்டு அவர்மீது படாது, அவர் மனைவியார் அமர்ந்திருந்த பல்லக்கிற் பாய்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை.

அந்தக் குண்டின் ஓசை அவர் காதிலிருந்து எளிதில் மறைந்திராது. ஒருபுறம் எல்லைக்கு அப்பால் புரட்சி அரசு. மறுபுறம் நகருக்குள் புதிய ஊக்கம் பெற்ற மக்கள். ஒவ்வொரு கூச்சலிலும் கான்டனின் தூண்டுதலைக் காண்பது ஆட்சியாளருக்கு எளிதாயிற்று. சீனரை நன்கு அறிந்தவர் என்று பெயர் பெற்ற மே, போலீஸ் தலைவரின் கண்ணாலேயே அவர்களை அறிந்தவர் என்பதை மறத்தலாகாது.

வெறும் வண்டிகள்

அரசின் தூண்டுதலால் டிராம் கம்பெனியும், மலை டிராம் கம்பெனியும், துறைமுகத்தைக் கடக்கும் 'ஸ்டார்' படகுக் கம்பெனியும் சீனக் காசை இனி வாங்குவதில்லை என்று முடிவு செய்தன. நவம்பர் இறுதியில் புறக்கணிப்புத் தொடங்கிற்று. அதன் முழு வேகமும் டிராமின்மேலேயே விழுந்தது. காரணம் வெளிப்படை. மலை டிராமின் பயணம் பெரிதும் ஐரோப்பியருக்குரியது. கடலைக் காலால் கடத்தல் இயலாது. கரையோர டிராமுக்கு மட்டுமே மாற்று உண்டு. அது மனிதனின் கால்.

புறக்கணித்தோர் அனைவரும் தாமாக விரும்பியே செய்தனர் என்று கூறுதல் உண்மையாகாது. வண்டிகளின்மேல் கற்கள் வீசப்பட்டன, கண்ணாடிகள் உடைந்தன, ஏறியவரை இகழ்ந்தும் மிரட்டியும் தடுத்தவர் இருந்தனர். நல்ல நோக்கமுடைய இயக்கத்திலும் அடாவடி புகுவதுண்டு. எனினும் சில மிரட்டல்களால் மட்டும் ஒரு நகரம் வாரக்கணக்கில் நடந்துவிடாது. அச்சத்தால் நடந்தவரும் உண்டு, மானத்தால் நடந்தவரும் உண்டு. இருவரையும் பிரித்தறியும் கருவி அரசிடம் இல்லை.

மூவகை விடை

அரசாங்கம் அளித்த விடை மூவகைப்பட்டது. முதலாவது போலீஸ். கல்லெறிந்தோரும் மிரட்டியோரும் பிடிக்கப்பட்டனர். இது எந்த அரசும் செய்வதே. இதனைக் குறைகூற இடமில்லை. ஆனால் போலீஸ் காவலால் வண்டியைக் காக்கலாமேயன்றி, வண்டியை நிரப்பல் இயலாது.

இரண்டாவது சட்டம். 1912ஆம் ஆண்டு டிசம்பரில் 'புறக்கணிப்புத் தடைச் சட்டம்' நிறைவேறிற்று. பிறரைப் புறக்கணிப்புக்குத் தூண்டுவோரையும் மிரட்டுவோரையும் தண்டிக்க அது வகை செய்தது. அதனினும் முக்கியமானது அதன் மற்றொரு பகுதி. புறக்கணிப்பு நிலவும் பகுதி என்று நகரின் ஒரு வட்டாரத்தை அரசு அறிவிக்கலாம். அவ்வட்டாரத்தார்மீது தனி வரி விதித்து, புறக்கணிப்பால் நட்டமடைந்தோர்க்கு ஈடு செய்யலாம்.

இவ்விதியின் நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். டிராமில் ஏறாமையைக் குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஒருவன் நடந்து போவதைக் குற்றமாக்கினால் உலகம் நகைக்கும். ஆகவே குற்றவாளியைத் தேடும் வேலையையே சட்டம் கைவிட்டது. ஆளைக் கண்டுபிடிக்க முடியாத இடத்தில் ஊரைப் பிடித்தது. ஏறினவனும் ஏறாதவனும், தூண்டினவனும் தூங்கினவனும் ஒரே வட்டாரத்தில் இருந்தால் ஒரே வரிக்கு ஆளாவர். அண்டை வீட்டான் தன் அண்டை வீட்டானைக் கண்காணிக்கவும் வற்புறுத்தவும் வேண்டிய நிலை உண்டாயிற்று. போலீஸ்காரன் செய்ய முடியாததை ஊராரைக் கொண்டே செய்விக்கும் தந்திரம் இது.

இது மே தாமே கண்ட புதுமை அன்று. ஆங்கிலப் பேரரசில் பலவிடத்தும் பழகிய வழி. தமிழ்நாட்டார்க்கு இது நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே நேர்ந்த துயர். 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தோன்றி, ஆங்கிலக் கம்பெனிக் கப்பலை விட்டுச் சுதேசிக் கப்பலில் ஏறுமாறு மக்களை அழைத்தது. 1908ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் சிறைப்படுத்தப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் கலகம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. பின்னர் அரசு திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் தண்டப் போலீஸை நிறுத்தி, அதன் செலவை ஊரார் தலையில் வரியாகச் சுமத்திற்று. மக்கள் அதற்கு இட்ட பெயர் 'திமிர் வரி'. அங்கே கப்பல், இங்கே டிராம். அங்கே கலகத்தின் பின் வந்த வரி, இங்கே நடந்து சென்றமைக்காக வந்த வரி. கருவி ஒன்றே.

வணிகர் நடுவில்

மூன்றாவது விடைதான் வண்டியை நிரப்பியது. ஹாங்காங்கில் சீன மக்களுக்கும் ஆங்கில அரசுக்கும் இடையே பாலமாக இருந்தோர் செல்வ வணிகர். மலாயா வழக்கிற் சொன்னால் பெரிய தவுக்கேமார். 1872இல் திறக்கப்பட்ட துங் வா மருத்துவமனை அவர்களது அமைப்பு. பெயருக்கு மருத்துவமனையாயினும், ஊர்ச் சபையாகவும் பஞ்சாயத்தாகவும் அது விளங்கிற்று. சட்டசபையில் சீனரின் சார்பில் இருவர் அமர்ந்திருந்தனர். ஒருவர் சர் ஹோ காய். மருத்துவமும் சட்டமும் கற்றவர். தம் மனைவியின் நினைவாக 1887இல் மருத்துவமனை தோற்றுவித்தவர். சன் யாட் சென் பயின்ற மருத்துவக் கல்லூரியின் தொடக்கத்துக்குத் துணை நின்றவர். மற்றவர் வெய் யுக் என்னும் வணிகர். இவர்களோடு லௌ சூ பாக் என்னும் வணிகத் தலைவரும் சேர்ந்து புறக்கணிப்பை முடித்துவைக்க முயன்றனர்.

இவர்களின் இக்கட்டு சிறிதன்று. இவர்களுள் குடியரசை வாழ்த்தியோர் உண்டு. கான்டனோடு உறவும் கொடுக்கல் வாங்கலும் உடையோர் பலர். ஆனால் கடையும் வீடும் ஆங்கிலக் கொடியின் கீழ் இருந்தன. வட்டார வரி வந்தால் முதலில் இறுப்பவர் வீடும் கடையும் உடைய இவர்களே. கூலியாளிடம் வரி வாங்க என்ன இருக்கிறது? சட்டத்தின் கத்தி யார் கழுத்தை நோக்கி நீட்டப்பட்டது என்பது இதனால் விளங்கும். ஏறாமல் நடந்தவன் ஏழை. வரிக்கு அஞ்ச வேண்டியவன் செல்வன். செல்வனை அச்சுறுத்தி ஏழையை வண்டியில் ஏற்றுவதே சட்டத்தின் உள்ளக் கருத்து.

அது பலித்தது. வணிகர் கூடிப் பேசினர். தாமே டிராமில் ஏற உடன்பட்டனர். தம் சிப்பந்திகள் ஏறுவதற்கும் வழி செய்தனர். முதலாளி ஏறிய வண்டியில் சிப்பந்தி ஏறினான்; சிப்பந்தி ஏறியதைக் கண்டு கூலியாளும் மெல்ல ஏறினான். 1913ஆம் ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில், இரண்டு மாதங்களுக்குச் சற்று மிகுந்த காலத்தில், புறக்கணிப்பு ஓய்ந்தது.

வென்றது யார்?

வெளித்தோற்றத்தில் வென்றது அரசே. வண்டிகள் நிறைந்தன. 1913இல் அயல்நாட்டு வெள்ளிச் சில்லறையும் தாள் பணமும் ஹாங்காங்கிற் புழங்குதலைத் தடுக்கும் சட்டங்களும் வந்தன. நாணயச் சீர்திருத்தம் நிறைவேறிற்று. கணக்கேடு நேராயிற்று.

ஆயினும் வரலாற்றின் கணக்கேடு வேறு. பாலமாக நின்றவர்க்கு நேர்ந்ததைக் காண்க. அரசுக்குத் துணை நின்ற ஹோ காய், கான்டன் தலைவர்களோடு மிக நெருங்கியவர் என்னும் ஐயத்துக்கு ஆளானார். 1914இல் அவரது சட்டசபைப் பதவி நீட்டிக்கப்படவில்லை. அவ்வாண்டு ஜூலையில் அவர் காலமானார். இரு கரையாரும் மிதித்துச் செல்லும் பாலத்தின் கதி அது.

மக்கள் பக்கமும் பாடம் கற்றது. 1912இல் நடந்தவர்க்கு அமைப்பும் இல்லை, சங்கமும் இல்லை. வணிகர் விலகியதும் இயக்கம் வீழ்ந்தது. 1922இல் கப்பல் தொழிலாளர் வேலைநிறுத்தம் வந்தபோது, அவர்களுக்குத் தமக்கென ஒரு சங்கம் இருந்தது. அவ்வாண்டு மார்ச்சில் ஊதிய உயர்வு பெற்றே அவர்கள் வேலைக்குத் திரும்பினர். 1925ஆம் ஆண்டு ஜூனில் தொடங்கிய மாபெரும் வேலைநிறுத்தமும் புறக்கணிப்பும் 1926 அக்டோபர் வரை 16 மாதம் நீடித்தன. ஹாங்காங்கின் வாணிகம் நிலைகுலைந்து, இலண்டனிலிருந்து முப்பது இலட்சம் பவுன் கடன் பெற வேண்டியதாயிற்று. வணிகரை மட்டும் வளைத்து மக்களை மடக்கும் பழைய உபாயம் அப்போது செல்லவில்லை.

அரசு கற்ற பாடம் வேறுவகை. இன்னும் கடுமையான சட்டம் வேண்டும் என்பதே அது. 1922ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள், ஒரே நாளில், கவர்னருக்கு ஏறக்குறைய எல்லையற்ற அதிகாரம் தரும் நெருக்கடிநிலைச் சட்டம் நிறைவேறிற்று. ஒரு வேலைநிறுத்தத்துக்காகப் பிறந்த அச்சட்டம், அதனோடு மறையவில்லை. ஆங்கில ஆட்சி 1997இல் ஹாங்காங்கை விட்டு அகன்ற பின்னும் ஏட்டில் இருந்தது. 2019ஆம் ஆண்டு அக்டோபரில், ஊர்வலத்தினர் முகமூடி அணிதலைத் தடுக்க அதுவே எடுத்தாளப்பட்டது. அவசரத்துக்கு என்று செய்யும் சட்டம் அவசரம் தீர்ந்தும் வாழும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

மலாயாவும் சிங்கப்பூரும் இக்கதைக்குப் புறம்பானவை அல்ல. 1927ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள், சன் யாட் சென் நினைவு நாள் ஊர்வலத்தின்போது சிங்கப்பூரின் கிரேத்தா ஆயர் பகுதியில் போலீஸார் சுட்டதில் சிலர் மாண்டனர். அதன்பின் சீனர் டிராலி பஸ்களைப் புறக்கணித்து நடந்தனர். 1952ஆம் ஆண்டு மார்ச்சில், தஞ்சோங் மாலிம் அருகே 12 பேர் கொல்லப்பட்டதற்காக அவ்வூர் முழுவதன்மேலும் நாளொன்றுக்கு 22 மணி நேர ஊரடங்கும் அரிசிக் குறைப்பும் விதிக்கப்பட்டன. கொலையையும் நடைப்பயணத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆயினும் 'ஆள் அகப்படாவிடில் ஊர் பொறுக்கட்டும்' என்ற எண்ணம் இரண்டிடத்தும் ஒன்றே.

தண்டனை குற்றத்தைத் தேடிச் செல்லுமாயின் அது நீதி. இருப்பவரையெல்லாம் வளைத்துக்கொள்ளுமாயின் அது அச்சுறுத்தல். அச்சுறுத்தல் காரியத்தை முடிக்கும். 1913இல் முடித்தது. ஆனால் மக்கள் ஏன் நடந்தார்கள் என்னும் வினாவுக்கு அது விடை கூறவில்லை. நாணய மாற்றுக்கு ஓர் ஆண்டு தவணை தந்து, ஏழையின் கையிலிருந்த காசை அரசே முழு மதிப்புக்கு வாங்கிக்கொண்டிருப்பின், செலவு ஆகியிருக்கும். வண்டிகள் வெறுமையாய் ஓடியிரா. அந்த எளிய வழி மலையுச்சியிலிருந்து பார்த்தவர் கண்ணுக்குத் தென்படவில்லை. கீழே வெறுமையாய் ஓடிய வண்டியை அவர்கள் கண்டனர். அதன் அருகே நடந்து சென்ற மனிதனை அவர்கள் காணவில்லை.